வாசலுக்கு வந்த புடவை

ஜவுளிக்கடையில் அம்மா ஒரு காரியம் செய்வாள். கடைக்காரர் பிரித்துப் போட்ட பட்டுப்புடவையை அப்படியே அள்ளிக்கொண்டு வாசல்படிக்கு வந்துவிடுவாள். ''ட்யூப்லைட்டுல எல்லாம் நன்னாத்தான் இருக்கும்'' என்பாள். உள்ளே அரக்காக இருந்தது வெயிலில் பிரவுனாகிவிடும். கடைப்பையன் ஒருவன் கூடவே ஓடி வருவான், புடவைக்குக் காவலாக. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது தி.நகரில் ஐந்தாவது மாடியில் புடவை எடுப்பவர் எந்த வாசலுக்கு வருவது? பல கடைகளில் ஜன்னல்கூடக் கிடையாது. ஜன்னல் எங்கே போயிற்று என்று துருவியதில் பாரிஸ் வரை போக நேர்ந்தது.

அங்கே போன் மார்ஷே என்ற கடையில் 1852-ல் பங்குதாரராகச் சேர்ந்தார் அரிஸ்தித் பூசிக்கோ. விலையை எழுதி வைத்தார், பேரம் கிடையாது. வாங்காமல் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டும் போகலாம். கூட்டம் நெரிந்தது. 1869-ல் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டடக்கலைஞர் புவாலோ. இரும்பு வேலையில் குஸ்தாவ் ஐஃபலின் பங்கும் உண்டு. (அதே ஐஃபல்தான். கோபுரமெல்லாம் பிற்பாடு, 1889-ல்.)

அவர்களுக்கும் அம்மாவின் பிரச்னைதான். கேஸ் விளக்கில் துணியின் நிறம் மாறித் தெரியும். தீப்பிடிக்கும் பயம் வேறு. அதனால் சூரியனையே கடைக்குள் கூப்பிட்டார்கள். கூரையைக் கண்ணாடியாக்கி, மாடிகளின் நடுவே பெரிய திறப்பு விட்டார்கள். தாங்குவதற்கு ஒல்லியான இரும்புத் தூண்கள் போதும். குறுக்கே தடிச் சுவர் வேண்டாம். வெளிச்சம் மேலிருந்து தரைத்தளம் வரை இறங்கியது. நம்ம வீட்டு முற்றம்தான், கொஞ்சம் பணக்கார முற்றம். இதன் உச்சம் அதே ஊரின் காலரி லஃபாயெத்: 1912-ல் கட்டிய வண்ணக் கண்ணாடிக் கூண்டு, 43 மீட்டர் உயரத்தில்.

அப்புறம் கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். நடுவில் இருக்கும் ஓட்டையில் எதை விற்பது? மின்விளக்கும் ஏ.சி.யும் வந்ததும் சூரியனின் வேலை போயிற்று. 1934-ல் சிகாகோவில் சியர்ஸ் கம்பெனி, மாடிகளுக்கு ஜன்னலே வைக்காமல் ஒரு கடை கட்டியது. நாலு சுவரிலும் அலமாரி அடிக்கலாம், தூசி வராது. இருட்டிவிட்டது என்பதும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. (கடைசி லாபத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.)

அந்தப் பெட்டிதான் கண்டம் தாண்டி நம்மிடமும் வந்து சேர்ந்தது. அதன் விலை என்ன என்பதை 2017 மே 31-ல் பார்த்தோம். உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தபோது, மண்டிய புகை வெளியேற வழியில்லாமல் தீயணைப்பு வீரர்கள் திணறினார்கள். ஒரு நாளைக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி சரிந்து, மீதியை இடிக்க வேண்டியதாயிற்று. ஜன்னலை வெறும் அழகு சமாசாரம் என்று நினைப்பவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வேறு கதை. ஆன்லைனில் வாங்கப் பழகியதில் இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. வெர்மாண்ட் மாநிலத்து பர்லிங்டனில் மேஸீஸ் கடை 2018-ல் மூடப்பட்டது. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் நச்சு ரசாயனம் இருப்பது தெரிந்து அதையும் 2020-ல் மூடினார்கள். பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? 2021 மார்ச்சில் மேஸீஸுக்குள்தான். எஸ்கலேட்டரில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். பீங்கான் தட்டு அடுக்கியிருந்த அலமாரிகளில் நூலகம். தடுப்புச் சுவர்கள் கூரையைத் தொடாததால் பக்கத்து வகுப்புப் பாடமும் இலவசமாகக் காதில் விழுந்தது. எல்லாவற்றையும் சமாளித்தார்கள். பெரும்பாலான வகுப்புகளுக்கு ஜன்னல் மட்டும் இல்லை.

போன மாதம் மைத்துனர் பெண்ணுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். நாலாவது மாடி. அம்மா ஞாபகத்தில், ''இதை வெளிச்சத்துல பார்க்க முடியுமாம்மா?'' என்று கேட்டேன்.

''தாராளமா சார்'' என்று அந்தப் பெண் செல்போனை எடுத்து டார்ச் அடித்துக் காட்டினாள்.