பொழுதறியாத விளக்கு



திருச்சி தென்னூரில் உள்ள எங்கள் வீட்டின் முன்புறம் சிறு தோட்டம் உண்டு. மருதாணியும் மல்லிகையும் நிற்கும் அதன் நடைவழியில் ஆறு விளக்குகளைப் பொருத்தினோம். ஈரமண்ணில் 230 வோல்ட் கம்பி ஆபத்து என்பதால், டிரான்ஸ்பார்மர் வைத்து 12 வோல்ட்டாகக் குறைத்துக்கொண்டோம். ஜூலை மாதம் ஒரு டைமரும் வாங்கி, மாலை 6.30-க்கு எரியும்படி வைத்தேன். பிறகு அதை மறந்தே போனேன்.

நவம்பரில் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பினேன். வாசல் இருண்டு கிடந்தது. எனக்குக் கதவு திறக்க வந்த தாயார், படி தவறி விழுந்து, கணுக்காலைப் பிடித்தவாறு அமர்ந்திருந்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் எலும்பு முறியவில்லை. ஆயினும் இரண்டு வாரம் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்கள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த எலக்ட்ரீசியன் டைமரைக் காட்டினார். அதன் முள் இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது.

"பாய், இது கரண்ட்டில் ஓடும் கடிகாரம். கரண்ட் போனால் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். சரியாக ஓடியிருந்தாலும் நேற்று விளக்கு தாமதமாகத்தான் எரிந்திருக்கும். ஜூலையில் வைத்த நேரத்தை நீங்கள் மாற்றவேயில்லையே! எங்கள் ராஜகோபுரம் 236 அடி, உங்கள் விளக்கு ஒன்றரை அடி. இரண்டுக்கும் பொழுது ஒன்றுதானே?"

நான் வெட்கினேன். எங்கள் சுவரிலேயே தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. திருச்சியில் ஜூலையில் சுமார் 6.40-க்கு மறையும் சூரியன், நவம்பரில் சுமார் 5.50-க்கே மறைந்துவிடுகிறது. தொழுகைக்கு அன்றாடம் அதைப் பார்த்த நான், விளக்குக்குப் பார்க்கவில்லை.

அவர் கூறியவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். மின்தடையிலும் நேரம் தவறாதபடி, உள்ளே பேட்டரி உள்ள டைமரை வாங்குங்கள். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் டைமர்களும் உண்டு, திருச்சிக்கு 10.8, 78.7 என்று கொடுத்தால் போதும். டைமர், டிரான்ஸ்பார்மருக்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்போதுதான் விளக்கு அணைந்ததும் டிரான்ஸ்பார்மரும் ஓயும். வீணாகச் சூடேறி மின்சாரத்தைத் தின்னாது. விளக்குகளின் மொத்த வாட், டிரான்ஸ்பார்மரின் திறனைவிடக் குறைவாக இருக்கட்டும். மழை புகாத பெட்டியும், தேர்ந்த எலக்ட்ரீசியனின் கையும் அவசியம்.

பழைய டைமரே இருந்தாலும் குற்றமில்லை. மாதந்தோறும் காலண்டர் தாளைப் புரட்டும்போது அதையும் சரிசெய்யுங்கள். மின்தடைக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் வீட்டு டைமர் இப்போது எத்தனை மணி காட்டுகிறது? பொழுது சாய்வதற்குள் சென்று பார்த்துவிடுங்கள்.