எர்த் போன வண்டி

முத்தையாபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியதுதான் தப்பு. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் அதுவரை ஒரு முனகலும் இல்லாமல் ஓடி வந்த வண்டி. ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "உப்பு தின்னுருக்கும் அண்ணாச்சி. அந்தா வேப்பமரத்தடியில வயரிங் கடை இருக்கு, உருட்டிட்டுப் போங்க."

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஐம்பது வயதிருக்கும் மெக்கானிக், வண்டியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தான்.

"எங்கன வச்சு நின்னுச்சு? ஓடும்போதா, நிறுத்தினப்புறமா?"

நிறுத்திய பிறகு என்றேன்.

"நேத்து வரைக்கும் லைட்டு எப்படி எரிஞ்சுது?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு மாதமாகவே இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் கூடவே மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்காக மூன்று வாரத்துக்கு முன் வேறு ஊரில் ஒரு கடையில் காட்டினேன். 'பேட்டரி வீக்' என்று சொல்லிப் புதியதை மாட்டி அனுப்பினார்கள். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "பேட்டரி புதுசுல்லா? அப்ப அதுல ஒண்ணும் இருக்காது. வேற எங்கயோ ஒட்டாமக் கெடக்கு."

அவருடைய கருவி என்று பார்த்தால் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, பத்து வாட். அதில் இரண்டு வயர்களைப் பற்றவைத்து, ஒன்றின் நுனியில் கிளிப்பும் மற்றதில் ஊசியும் பொருத்தியிருந்தார். டெஸ்ட் லேம்ப். டிஜிட்டல் மீட்டரும் டப்பாவில் இருந்தது. "மீட்டர் இருக்கும்போது பல்பு எதுக்கு?" என்று நான் கேட்டது அவருக்குப் பிடித்துவிட்டது. செய்தே காட்டினார்.

கிளிப்பை பேட்டரியின் மைனஸில் மாட்டி ஊசியை பிளஸ்ஸில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃப்யூஸின் இரண்டு பக்கமும் தொட்டார், எரிந்தது. பிறகு கிளிப்பை மட்டும் கழற்றி வண்டியின் சேசிஸில் மாட்டினார். ஊசி அதே பிளஸ்ஸில்தான். பல்பின் இழையில் ஒரு சிவப்புக் கீற்றுகூட வரவில்லை. அந்த இடத்திலேயே மீட்டரை வைத்தார்: 12.5 வோல்ட்!

"பாத்தியளா? மீட்டர் எல்லாம் சரின்னு சொல்லுது. பல்பு இல்லங்குது. எத நம்புவிய?"

மீட்டர் ஏறக்குறைய மின்சாரமே எடுத்துக்கொள்வதில்லை. அழுத்தத்தை எட்டிப் பார்த்துச் சொல்வதோடு சரி. துருவின் வழியாக ஒரு மயிரிழைத் தொடர்பு இருந்தால்கூட முழு வோல்ட்டையும் காட்டிவிடும். பல்புக்கோ முக்கால் ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த மயிரிழை அதைச் சுமக்காது. செல்ஃப் மோட்டாரையா சுமக்கும்?

பேட்டரி மைனஸிலிருந்து வரும் எர்த் வயர் சேசிஸில் சேரும் போல்ட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினார். வளையத்தின் அடியில் பச்சைக் களிம்பு, அதன் கீழே செந்துரு. அதை அவர் உப்புத்தாளால் தேய்த்தார். உப்பு செய்த வேலையை உப்புத்தாள் எடுக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவருக்கு அந்த வேடிக்கை எல்லாம் பழகிப்போயிருக்கும்.

அப்படியானால் டீக்கடை வரை எப்படி ஓடியது? "ஓடும்போது மேக்னட் காயில் கரண்ட் குடுத்துருக்கு. நிறுத்திட்டிய. திரும்ப எடுக்க பேட்டரியத்தான கேக்கும்?" பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பேட்டரி செத்தாலும் பலவற்றை உதைத்துக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும்.

இந்தக் கரையில் வயரிங் என்பது உப்போடு நடக்கும் வழக்கு. சுற்றிலும் உப்பளங்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் நாள் முழுக்க வரப்பிலேயே நிற்கின்றன. உப்புக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பகலில் தூளாகக் கிடப்பது அதிகாலையில் கசிந்து கப்ளருக்குள் இறங்குகிறது. செம்பு இழைகளின் இடுக்கு வழியாக ரப்பருக்கு உள்ளேயே ஏறும். வெளியே பார்த்தால் வயர் புதுசு மாதிரி இருக்கும். அவர் ஒரு வயரை என் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுவதுபோலக் கரகரத்தது. நல்ல வயர் அப்படிச் செய்யாதாம். உரித்துக் காட்டினார்: செம்பு நிறமே இல்லை, கறுத்துப் பொடிந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதும் கை நின்றது. இதே சாலையில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. முங்கிய வண்டிகளைக் கழுவிக் காயவைத்து ஓட்டத் தொடங்கினார்கள், ஓடின. களிம்பு மாதக் கணக்கில் பொறுமையாக வேலை பார்த்தது. அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாக 'திடீர்னு நின்னுட்டு' என்றார்களாம். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

போல்ட்டை இறுக்கி, மேலே வாசலினைப் பூசினார். சாவியைத் திருப்பியதும் பச்சை விளக்கு வந்தது. இன்ஜின் ஓட மீட்டரை வைத்தார், 14. இதற்கு மட்டும் மீட்டர் போதுமாம்.

கூலி நூறு ரூபாய் என்றார். மூன்று வாரத்துக்கு முன் பேட்டரிக்குக் கொடுத்ததை நினைத்துக்கொண்டே நீட்டினேன். காத்திருந்த ஒருவர், "ஒரு சாமானும் மாத்தலியே அண்ணாச்சி, அதுக்கு நூறா?" என்றார். அவர் சங்கு குளிப்பவர். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும் சங்குக்காக இன்னும் மூழ்குகிறார்கள். ஈரத்துணியோடு அப்படியே ஏறி உட்காருவதால் சீட்டிலிருந்து கடல்நீர் நேராக பேட்டரிப் பெட்டிக்குள் வடிகிறது. திரேஸ்புரத்திலிருந்து ஊரையே தாண்டி இங்கே வந்திருக்கிறார். அங்கே பக்கத்திலேயே கடைகள் இருந்திருக்கும்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல கடைகளில் எதையாவது ஒன்றை மாற்றி, பழையதைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கண்டுபிடித்ததற்குப் பில் போட முடியாது.

"எங்கன வச்சு நின்னுச்சு?" என்று சங்கு குளிப்பவரிடம் கேட்டபடி பல்பின் கிளிப்பை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.