பார்வையிடும் நாளும் பாராத நாளும்

தான் சோதிக்கப்படுவதை அறிந்தவன் சோதனைக்கேற்ப நடந்துகொள்வான். தேயிலையும் றப்பரும் வளரும் சப்பிரகமுவத் தோட்டங்களில் பிறந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகுமுன், ‘விசிட்டிங் ஏஜன்ட்’ வருகிறார் என்றால் லயங்களுக்குச் சுண்ணாம்பு பூசப்படும், கான்கள் வெட்டப்படும், வீதியோர மலை துப்புரவாகும் என்று என் பாட்டி சொல்வார். பின்மலைக்கு அவர் ஏறமாட்டார் என்பது யாவரும் அறிந்ததே.

கணனி நிரலுக்கும் இவ்வறிவை ஊட்டலாம். இன்று நிரலாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பொதுவான ஒரு பொறிக்கு அனுப்பப்பட்டு, அங்கே தானாகவே தொகுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது. இதனைத் தொடர் ஒருங்கிணைப்பு என்பர். கிட்ஹப், கிட்லாப் முதலியவற்றின் சோதனைப் பொறிகள் ‘சி.ஐ.’ என்னும் சூழல் மாறிக்கு ‘உண்மை’ என்ற பெறுமதியை இட்டுவைக்கின்றன. நிரல் அம்மாறியை வாசித்துத் தான் எங்கே ஓடுகிறது என்பதை ஊகிக்கிறது. ஊகமே அன்றி நிச்சயமன்று. எவரும் தம் வீட்டுக் கணனியிலும் அதே மாறியை இடலாம்.

இவ்வூகத்துக்கு நற்பயன் உண்டு. விடையளிக்க ஆளில்லாத இடத்தில் ‘ஆம், இல்லை’ என்று கேட்டு நிரல் காத்து நிற்கலாகாது. ஆனால் பேச்சை மாற்றுவது வேறு, செயலை மாற்றுவது வேறு. வொக்ஸ்வாகன் டீசல் வாகனங்களின் மென்பொருள், சுக்கானின் நிலை, வேகம், காற்றழுத்தம் முதலியவற்றைக் கொண்டு ஆய்வுகூடச் சோதனையை இனங்கண்டு, அப்போது மட்டும் புகையை முழுமையாகக் கட்டுப்படுத்தியது. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வீதியிலே ஓட்டி அளந்தபோது வேறுபாடு தெரிந்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் அதனை வெளிப்படுத்திற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அம்மென்பொருள் இருந்தது.

அது வஞ்சகம். வஞ்சகமின்றியும் அதே விளைவு நேரலாம். கொழுந்து நிறுவையைப் பதியும் நிரலொன்றை நண்பர் ஒருவர் என்னிடம் படித்துப் பார்க்கத் தந்தார். சோதனைப் பொறியில் தராசு இல்லை, ஆதலால் ‘சி.ஐ.’ உண்மையாயின் நிறை 10 கிலோ எனக் கொள்க என்று ஒரு வரி இருந்தது. நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் அவ்வரி, நிறையை முழு எண்ணாக்கும் பகுதியையும் தாண்டிச் சென்றது. எனவே சோதனைகள் யாவும் பச்சை விளக்குக் காட்டின. மலையிலோ 7.8 கிலோ கொழுந்து 7 எனப் பதிவாகும். நாளுக்கு மூன்று முறை நிறுத்தால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இழப்பு. குறித்த நிறைக்குச் சற்றுக் குறைந்தாலும் ‘அரைப்பேர்’ போடும் இடங்களில் அவ்விழப்பு பாதி நாட்கூலியையே கொண்டுபோய்விடும்.

தராசை வாசிக்கும் இடத்தில் மட்டும் அந்த நிபந்தனையை வைத்து, 7.8 என்னும் போலி நிறையை மற்றைய படிகள் அனைத்தினூடும் செலுத்துமாறு கூறினேன். நண்பர் அவ்வாறே மாற்றினார். மறுநாட் காலை சோதனைப் பொறி சிவப்பு விளக்கைக் காட்டியது.