ராட்சசனும் அப்பாவின் காதும்

பதினெட்டு எல்.பி. இசைத்தட்டுகள். பதினெட்டிலும் காட்ஜில்லா! 1954-லிருந்து 1975 வரை ஜப்பானின் டோஹோ கம்பெனி எடுத்த 15 காட்ஜில்லா படங்களின் இசையை ஒரே பெட்டியில் அடைத்து, சில வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில் வாக்ஸ்வொர்க் என்றொரு கம்பெனி விற்றது. பாட்டு இல்லை சார், பின்னணி இசை. ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்ட ஓர் ஆள் பொம்மை டோக்கியோவைத் துவம்சம் செய்யும்போது பின்னால் வாசிப்பார்களே, அது.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் தேய்மானம்தான் ஞாபகத்துக்கு வரும். எழுபது வருஷத்துக்கு முந்தைய சரக்கு. ஸ்டீரியோகூடக் கிடையாது, மோனோ. இரைச்சல் இலவச இணைப்பு. கணக்குப்படி இதன் மதிப்பு என்றைக்கோ பூஜ்யமாகியிருக்க வேண்டும். ஆனால் நடப்பது தலைகீழ். 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானில் எல்.பி.யாக வர ஆரம்பித்தது, அப்புறம் சி.டி., அப்புறம் படத்தில் பயன்படுத்தாமல் ஒதுக்கிய துண்டுகளையும் சேர்த்து இன்னொரு சி.டி., இப்போது மறுபடியும் எல்.பி. வாங்கினவனே திரும்பத் திரும்ப வாங்குகிறான். பைத்தியமா என்று கேட்டால், ஆமாம். இப்போது நானும் அதில் ஒருத்தன்.

பதினெட்டுத் தட்டுப் பெட்டி நம் பட்ஜெட்டில் அடங்காது. யோகோஹாமாவில் வேலை பார்க்கிற என் சித்தப்பா பையன், லீவில் வரும்போது முதல் படத்தின் சி.டி.யை மட்டும் கொண்டுவந்து கொடுத்தான். "அண்ணா, கடைக்காரர் என்னைப் பார்த்து ரெண்டு தடவை தலை குனிஞ்சார். எதுக்குன்னு தெரியலை" என்றான். (அங்கே பொட்டுக்கடலை வாங்கினாலும் குனிவார்களாம்.)

போட்டேன். முதலில் தொம்... தொம்... என்று காலடிச் சத்தம். நடுவே அந்த உறுமல். அப்புறம் தந்தி வாத்தியங்கள் கிளம்புகின்றன. நம் கணக்கில் சொன்னால் ஸநித, ஸநித... அவ்வளவுதான் பல்லவி. நான்கும் ஐந்தும் மாறி மாறி வருகிற தாளம். அதனால் தொடையில் தட்டிக்கொண்டு கேட்கலாம் என்று உட்கார்ந்தால் இரண்டாவது சுற்றிலேயே கை தடுமாறும்.

இதில் ஒரு வேடிக்கை. இது காட்ஜில்லாவுக்காகப் போட்ட இசையே இல்லை. 1954 படத்தில் அதை எதிர்த்துப் போகிற மனிதர்களின் பக்கம் ஒலிப்பது இது. பின்னால் வந்த படங்களில் ராட்சசன் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. எம்.ஜி.ஆருக்குப் போட்ட மெட்டை நம்பியார் தட்டிக்கொண்டு போன மாதிரி.

போட்டவர் பெயர் அகிரா இஃபுகுபே. 1914-ல் ஹொக்கைடோ தீவில் குஷிரோ என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயசில் ஐனு பழங்குடி மக்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். எந்தச் சங்கீதக் கல்லூரியிலும் படிக்கவில்லை. படித்தது வனவியல், பார்த்தது காட்டிலாகா உத்தியோகம், இசை சுயமாகக் கற்றுக்கொண்டது. 1935-ல், அதாவது இருபத்தொரு வயசில், ஒரு சர்வதேசப் போட்டிக்கு எழுதி அனுப்பிய வாத்தியக் குழு இசைக்குப் பரிசு வாங்கிவிட்டார். வணிகவியல் படித்துவிட்டு வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இதில் ஓர் அற்ப ஆறுதல் உண்டு. மேற்கொண்டு ஒப்பிட மாட்டேன்.

இனிமேல்தான் சிரிக்க முடியாத விஷயம். உலகப் போர் சமயத்தில் மரத்தை எப்படி வலுவாக்குவது என்று ராணுவத்துக்காக ஆராய்ச்சி. எக்ஸ்-ரே வைத்துச் சோதனை. சரியான பாதுகாப்புக் கவசம் கிடையாது. இவருடைய அண்ணன் 1942-ல் கதிரியக்கப் பாதிப்பால் இறந்துபோனார். போர் முடிந்த கையோடு இவரும் நோயில் விழுந்தார். எழுந்து வந்தபோது காட்டு வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இசைக்கே வந்துவிட்டார்.

1954-க்கு வாருங்கள். மார்ச் 1-ம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதனை செய்கிறது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுகிறது. படகில் 23 பேர். வானொலி இயக்குபவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 3-ல் படம் ரிலீஸ். கதை என்ன? ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் கிளப்பிவிடப்பட்ட ஒரு பழங்கால ஜந்து டோக்கியோவுக்கு வருகிறது. அந்த ஜந்துவுக்கு இசை போடக் கூப்பிட்டது யாரை? கதிரியக்கத்தால் அண்ணனைப் பறிகொடுத்த மனுஷரை. டைரக்டர் இஷிரோ ஹோண்டா இதையெல்லாம் யோசித்துத்தான் கூப்பிட்டாரா என்ற விசாரணை எனக்கு வேண்டாம். காதில் விழுவது போதும். இந்த இசையில் பயமுறுத்தும் கிறீச் சத்தங்கள் குறைவு. பெரும்பாலும் கனம். யாரோ ஒரு பெரிய பாரத்தை முதுகில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

அந்த உறுமலும் இவர் கைவண்ணம்தான். மிருகக்காட்சிசாலைச் சத்தம் எதுவும் சரிப்பட்டு வரவில்லை. ஆளுயர டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, தோல் கையுறையில் பிசின் தடவித் தேய்த்து, அதைப் பதிவு செய்து வேகத்தை மாற்றி ஓடவிட்டார்கள். உலகத்தையே நடுங்க வைத்த ராட்சசன், உண்மையில் ஒரு தந்தியும் கையுறையும்!

என் அப்பா இங்கேதான் வருகிறார்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் கோயமுத்தூரில் ஒரு மில்லில், தறிகளுக்கு நடுவே வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனபோது ஒரு கடிகாரம், ஒரு சால்வை, இரண்டு கெட்ட காது என்று வாங்கிக்கொண்டு வந்தார். லாரி போனால் கேட்கும். இடி இடித்தால் கேட்கும். குக்கர் விசில் கேட்காது. அம்மா கூப்பிட்டால் கேட்காது. "அவருக்கு எல்லாம் கேட்குது, நான் பேசினாத்தான் கேட்காது" என்பது இருபது வருஷமாக அம்மாவின் நிரந்தரப் புகார். காது டாக்டர்தான் ஒரு கோடு போட்ட காகிதத்தைக் காட்டி விளக்கினார். தறிச் சத்தத்தில் மேல் ஸ்தாயி போய்விட்டது, கீழ் ஸ்தாயி மிச்சமிருக்கிறது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் மேலே இருப்பவை. ஆக, அம்மா சொன்னது ஒரு வகையில் விஞ்ஞானபூர்வமான உண்மை.

எங்கள் வீட்டுக் குட்டிக்கு ஆறு வயசு. அவள் பேசுவது தாத்தாவுக்கு எட்டுவதே இல்லை. ஸ்கூல் கதையை மூச்சு விடாமல் சொல்வாள். அவர் சும்மா தலையை ஆட்டுவார். அவர் தப்பான இடத்தில் சிரிப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் சொல்வதையே நிறுத்திக்கொண்டாள். மெஷினை மாட்டச் சொன்னால் அப்பா, "அதை மாட்டினா மில்லுக்கே திரும்பப் போன மாதிரி இருக்குது" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். சரி, யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

நான் சி.டி. போட்ட அன்றைக்கு அப்பா ஊஞ்சலில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். தொம்... தொம்... பேப்பர் இறங்கியது.

"என்னடா இது?"

சொன்னேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன்.

"பாடறாங்களா?"

"பாட்டில்லீங்கப்பா. ராட்சசன் வர்றான்."

ஊஞ்சலை நிறுத்திவிட்டு முழுசும் கேட்டார். டிரம்பெட்டெல்லாம் எவ்வளவு தூரம் எட்டியதோ, தெரியாது. செல்லோ, டபுள் பாஸ், பெரிய முரசு எல்லாம் கணக்காக அவருடைய மிச்சக் காதில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அப்பா ஒரு முழுக் கச்சேரியைக் கேட்டார். இஃபுகுபே கதையைச் சொன்னதும், "பாரஸ்ட்காரரா? அதான்" என்றார். அதான் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

"ஏனுங்க, வீடே அதிருது" என்று என் மனைவி வந்து நின்றாள். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள்.

அப்புறம் நான் ஒரு பரிசோதனை செய்தேன். அதே இசையைப் பிற்காலத்தில் பெரிய வாத்தியக் குழு வாசித்த, பளபளவென்ற பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். (1983-ல் இஃபுகுபே தன் ராட்சச இசையையெல்லாம் கோத்து மேடைக் கச்சேரியாகவே எழுதிவிட்டார். டோக்கியோவில் ஹிபியா அரங்கில் வாசித்தார்கள்.) அப்பா கேட்டுவிட்டு, "மெஷினெல்லாம் புதுசாட்டம் இருக்குது. ஆளைக் காணோம்" என்றார்.

இதை ஒரு செவிட்டுக் கிழவரின் அபிப்பிராயம் என்று தள்ளிவிட வேண்டாம். 2016-ல் ஜப்பானில் 'ஷின் காட்ஜில்லா' எடுத்த ஹிடேயாகி அன்னோ, நவீன வசதி அத்தனையும் கையில் இருந்தும், இஃபுகுபேயின் பழைய மோனோ பதிவுகளையே எடுத்துப் படத்தில் வைத்தார். நேர் எதிர் உதாரணமும் உண்டு. 1962-ல் 'கிங் காங்கும் காட்ஜில்லாவும்' வந்தபோது, மறு வருஷம் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் இஃபுகுபே இசையில் பெரும்பகுதியை உருவிப்போட்டுவிட்டு, தங்கள் ஸ்டூடியோ அலமாரியில் தூங்கிய பழைய இசைத் துண்டுகளை ஒட்டிவிட்டார்கள். அங்கே ஒரு தலைமுறை அந்த ஒட்டுப்போட்ட இசையோடுதான் படத்தைப் பார்த்தது. மூல இசையை இன்று தட்டில் வாங்கிக் கேட்கிறவன் வெறும் பழம்பெருமைக்காக வாங்குகிறான் என்று சொல்ல முடியுமா?

குட்டிக்குப் பிடித்தது காட்ஜில்லா இல்லை, மோத்ரா. 1961 படத்தில் வரும் ராட்சச விட்டில் பூச்சி. அதைக் கூப்பிட இரண்டு குட்டிப் பெண்கள் பாடுவார்கள். பாடியவர்கள் 'தி பீனட்ஸ்' என்ற இரட்டைச் சகோதரிகள். இசை யூஜி கோசெகி. பாட்டின் பாஷை ஜப்பானியம்கூட இல்லை, இந்தோனேஷிய மொழி! குட்டி அதைத் தன் போக்கில் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். தாத்தாவுக்கு அதில் முரசு மட்டும் கேட்டது. குரல் கேட்கவில்லை. இரண்டு மூன்று தடவை எதிரில் நின்று பாடிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

அவள் விடவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் கூடத்திலிருந்து ஒரு பயங்கர உறுமல். அடிவயிற்றிலிருந்து, எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு கீழே இறங்கி:

"தாத்த்தாஆஆ... சாப்பிட வாங்க்க்க..."

"வர்றேன் கண்ணு" என்றார் அப்பா.

அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் ஸ்கூல் கதைகள் எல்லாம் காட்ஜில்லா குரலில்தான். கணக்கு டீச்சர் திட்டியது, பென்சில் காணாமல் போனது, பக்கத்து பெஞ்சுப் பையன் அழுதது, எல்லாம் உறுமலாக. மெதுவாகவும் தாழ்ந்த குரலிலும் பேசுங்கள் என்று டாக்டர் எங்களிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். அம்மாவும் ஒரு தடவை முயன்று பார்த்தாள். இருமல் வந்தது.

முதல் படத்தின் சி.டி.யில் கடைசிப் பகுதியை மட்டும் நான் அடிக்கடி போடுவதில்லை. டோக்கியோ எரிந்து கிடக்க, பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டமாகச் சமாதானம் வேண்டிப் பாடுகிற பாட்டு அது. பிறகு கடலுக்கு அடியில் அந்த ஜந்து சாகிறபோது அதே மெட்டு மறுபடி வரும். வெற்றி முரசு எதுவும் கிடையாது. ராட்சசனைக் கொல்கிற இடத்திலும் துக்கம் கொண்டாடியிருக்கிறார் மனுஷர். பெண்கள் பாடுவது அப்பாவுக்குக் கேட்காது. கடலடியில் வருவது கேட்கும். ஒரு நாள் கேட்டு முடித்து, "இது செத்துப்போச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "பாவம்" என்றார்.

போன வாரம் யோகோஹாமாவிலிருந்து தம்பி போன் பண்ணினான். தீபாவளிக்கு வருகிறானாம், என்ன வேண்டும் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஊஞ்சலிலிருந்து, "அந்த பாரஸ்ட்காரர் வேற என்னென்ன போட்டிருக்கார்னு கேளு" என்றார்.

இஃபுகுபே 2006-ல் 91 வயசில் காலமானார். இசை போட்ட படங்கள் 250-க்கு மேல்.

"அண்ணா, எனக்கு லக்கேஜே இருபத்து மூணு கிலோதான்" என்றான் தம்பி.