மனவாள்ளா?

எங்க அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒண்ணுதான். "மனவாள்ளா?" நம்மவங்களான்னு அர்த்தம். கேஸ் சிலிண்டர் போடற பையன், டிவியில நியூஸ் வாசிக்கிற பொண்ணு, யாரும் தப்ப முடியாது. அம்மா பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை, வாக்கப்பட்டது ராசிபுரம். இந்த எண்பத்தஞ்சு வயசுல திருப்பதியைத் தாண்டி வடக்கே போனதில்லை. ஆனா வீட்டுக்குள்ள தெலுங்குதான். அந்தத் தெலுங்கை ஒரு விஜயவாடாக்காரர் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார், அது வேற கதை.

தெரியாதவங்களுக்காக: நாங்க ஊர் வழக்கில் கோமுட்டிச் செட்டியார், கல்யாணப் பத்திரிகையில் ஆர்ய வைஸ்யர். தொழில், வேறென்ன, மளிகைக்கடை. பூர்வீகம் எதுன்னு கேட்டா பாட்டி ஒரே மூச்சுல சொல்லுவாங்க, கோதாவரி ஜில்லா பெனுகொண்டா. அங்கே வாசவின்னு ஒரு பொண்ணு. ராஜா விஷ்ணுவர்த்தனன் அவளைக் கட்டிக்கணும்னு நின்னான். முடியாதுன்னு அவ நெருப்புல இறங்கினா. கூடவே 102 கோத்திரத்துக்காரங்க இறங்கினாங்க. அவதான் கன்னிகா பரமேஸ்வரி, அந்த 102 கோத்திரத்து வாரிசுதான் நாம. வேத்து ஆளுக்குப் பொண்ணு கொடுக்கறதுக்கு நெருப்பு மேல்னு அரைக்கால் டவுசர் வயசுலயே மண்டையில ஏத்திட்டாங்க.

நாங்க மட்டும்தான் வெளியூர்னு நினைச்சுடாதீங்க. தாத்தா வீட்டுத் தெருவுல எங்க வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டு தேவாங்கர் வீட்டில் கன்னடம், நாலு வீடு தள்ளி குஜராத்திலிருந்து கிளம்பின சௌராஷ்டிரம். மண்ணின் மைந்தர்னு எல்லாரும் நினைக்கிற கவுண்டர் வீடுகள்லயே 'நாங்க தொண்டை மண்டலத்துல இருந்து வந்தவங்க'ன்னு ஒரு பழங்கதை உண்டு. சேலம் நாமக்கல் சீமையில கொஞ்சம் சுரண்டினா எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்கதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தங்கச்சி பையன் ஜெர்மனிக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலைக்கும் சேர்ந்துட்டான். 2017ல ஒரு நாள் போன்ல "மாமா, ஒரு பொண்ணு..."ன்னு இழுத்தான். அந்த ஊர்ப் பொண்ணு. எதிர்த்தவங்கள்ல முதல் ஆள் நான்தான். தங்கச்சிகூட ரெண்டு நாள் அழுதுட்டு ஓஞ்சுட்டா. நான் விடலை. "நம்ம ரத்தம் என்ன, அவங்க ரத்தம் என்ன"ன்னு சிவாஜி கணக்கா வசனம் பேசினேன். சாதி கூடாதுன்னு இதே பக்கத்துல பத்திப் பத்தியா எழுதினவன் நான். (பழைய பதிவுகளைத் தேடிப் போகாதீங்க, காலில் விழுந்து கேட்டுக்கறேன் :-))

பையன் சண்டையே போடலை. "பாட்டி ஆபரேஷன் ஞாபகம் இருக்கா மாமா?"ன்னு மட்டும் கேட்டான்.

கொசுவத்தி சுத்திக்குங்க. 2003. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து "நீங்க என்ன கம்யூனிட்டி?"ன்னு கேட்டார். எனக்குச் சுருக்குனு கோபம். ஆபரேஷன் தியேட்டர்லயுமா சாதி? மொட்டையா "செட்டியார்"னு சொன்னேன். தமிழ்நாட்டுல எத்தனை செட்டியார்! நாட்டுக்கோட்டை, வாணியர், தேவாங்கர், இருபத்திநாலு மனை... அவரும் மேல தோண்டலை.

ஆபரேஷன் ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சுது. அம்மா கண்ணைத் திறக்கலை. கை அசையலை. மூச்சே தானா வரலை, மிஷின்தான் விட்டுக்கிட்டு இருந்தது. அப்பா வராண்டாவுல கன்னிகா பரமேஸ்வரிக்கு வேண்டிக்கிட்டே நடந்தார். எனக்கு உள்ளே போய் அம்மா காதுக்கிட்ட பேச மட்டும் தைரியம் இருந்தது. அஞ்சாறு மணி நேரம் கழிச்சு ஒரு விரல் அசைஞ்சது. டாக்டர் வெளியே வந்து கேட்டது இன்னும் காதுல இருக்கு: "நீங்க தெலுங்குச் செட்டியாரா? வைசியாவா? அதை ஏன் சார் சொல்லலை?" அம்மா ரெண்டு வாரம் கழிச்சு சொன்னாங்க, "நீ பேசினது பூரா கேட்டுச்சுடா. இமையைத் தூக்கத்தான் முடியலை."

விஷயம் இதுதான். தொண்டையில குழாய் போடறதுக்காகத் தசையைத் தளர்த்த ஸ்கோலின்னு ஒரு ஊசி போடுவாங்க, முழுப்பேர் சக்சினைல்கோலின். ரத்தத்துல இருக்கிற ஒரு என்சைம் அஞ்சு பத்து நிமிஷத்துல அதை உடைச்சுடும். என்சைம் பேரு பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் (ஒரு தடவை சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்). அது வேலை செய்யாதவங்க எங்க சமூகத்துல மத்தவங்களைவிட நூறு மடங்கு அளவுக்கு அதிகம். 2006ல கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோட சேர்ந்து காரணத்தையே கண்டுபிடிச்சு எழுதினாங்க. அந்தப் புரதத்துல 307ஆவது இடத்துல லியூசின் வரணும், எங்க ஆளுங்க சிலருக்கு புரோலின் வருது. ஒரே ஒரு எழுத்துப் பிழை. அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டது சாதி இல்லை, இந்த எழுத்துப் பிழையைத்தான்.

பிழை எல்லா மனுஷங்ககிட்டயும் உண்டு. எங்ககிட்ட இது மட்டும் ஏன் இவ்வளவு பெருகுச்சு? 2009ல ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல வைசியர்கள் வர்றாங்க. அப்புறம் ரைக் 2018ல எழுதின புத்தகத்துல தெளிவா இருக்கு: இன்னிக்கு சுமார் 50 லட்சம் பேர் இருக்கிற இந்தச் சமூகம், 2000லிருந்து 3000 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு சின்னக் கூட்டத்திலிருந்து பெருகினது. அதுக்கப்புறம் ஒரு தலைமுறைக்கு ஒரு சதவீதம்கூட வெளி ஆள் உள்ளே வரலை. விஷ்ணுவர்த்தனன்னு பட்டம் வச்சுக்கிட்ட கீழைச் சாளுக்கியர் வெங்கியை ஆண்டது 7லிருந்து 11ஆம் நூற்றாண்டு வரைக்கும். அதாவது வாசவி நெருப்புல இறங்கறதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே நாங்க கதவைச் சாத்திட்டோம்.

கதவைச் சாத்தினா என்ன ஆகும்? அந்தச் சின்னக் கூட்டத்துல ஒருத்தருக்கு இருந்த பிழை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி 50 லட்சம் பேருக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கும். அப்பாகிட்ட ஒரு நகல், அம்மாகிட்ட ஒரு நகல், ரெண்டும் ஒரு பிள்ளைகிட்ட சேர்ந்தா எங்க அம்மா கதைதான். தாத்தா பாட்டி மேனரிகம், அத்தை பிள்ளை மாமன் பொண்ணு. சொந்தம் வேண்டாம்னு நெல்லூர்ல போய் முன்பின் தெரியாத வீட்டுல சம்பந்தம் பண்ணாலும் அங்கேயும் அதே ஜெராக்ஸ் இருக்கலாம். எங்களுக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. 2017ல வந்த இன்னொரு ஆய்வுல 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்தாங்க. அதுல 81 குழுக்கள் இப்படித்தான், உலகத்துல இதுக்குப் பேர்போன பின்லாந்துக்காரங்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் மிஞ்சி.

அதுக்கு முன்னாடி? அங்கேதான் எனக்குப் பெரிய அடி. 4200லிருந்து 1900 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்தியாவுல எல்லாரும் எல்லாரோடயும் கலந்திருக்காங்கன்னு 2013ல சொல்லிட்டாங்க. இங்கேயே இருந்த வேட்டைக்காரங்க, ஈரான் பக்கத்து மக்களோட தொடர்புடையவங்க, அப்புறம் கிமு 2000-1500 வாக்குல புல்வெளியிலிருந்து மாடு குதிரையோட வந்தவங்க. நாம எல்லாருமே இந்தக் கூட்டுதான், உப்பு காரம்தான் வீட்டுக்கு வீடு வேற.

மருமான் போன்லயே ஜெர்மன் கணக்கையும் விளக்கினான். அங்கேயும் முதல்ல வேட்டைக்காரங்க. சுமார் 7500 வருஷத்துக்கு முன்னாடி இன்னிக்கு துருக்கியா இருக்கிற அனடோலியாவிலிருந்து விவசாயிங்க வந்தாங்க. சுமார் 4500 வருஷத்துக்கு முன்னாடி கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில மாடு மேய்ச்ச யம்னாயா மக்களோட வாரிசுகள் வந்தாங்க. அந்தக் காலத்து ஜெர்மனி எலும்புக்கூடுகள்ல முக்கால் பங்கு அவங்கதான்னு 2015ல வந்த ஆய்வு. அதே புல்வெளிக் கூட்டத்தோட இன்னொரு கிளைதான் பிற்பாடு இந்தப் பக்கம் இறங்கினது. "அவ சைடுல நிறைய, நம்ம சைடுல கொஞ்சம், ஆனா தாத்தா ஒரே தாத்தா மாமா. மேனரிகம்னு நினைச்சுக்குங்களேன்" என்றான். ராஸ்கல்.

நான் சிரிச்சுட்டேன். அதோட என் எதிர்ப்பு முடிஞ்சது.

2018ல சேலத்துலயே ஒரு மண்டபத்துல கல்யாணம். பொண்ணோட அப்பா வாசல்ல போட்டிருந்த போர்டையே பார்த்துக்கிட்டு நின்னார். 'ஆர்ய வைஸ்ய'ன்னு இங்கிலீஷ்ல பெரிசா. முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. மருமானைத் தனியா கூட்டிட்டுப் போய் என்னமோ கேட்டார். அப்புறம்தான் தெரிஞ்சது. ஹிட்லர் காலத்துல சர்க்கார் வேலையில இருக்கணும்னா 'நான் ஆரியன்'னு தாத்தா பாட்டியோட ஞானஸ்நானச் சீட்டு வரைக்கும் காட்டணுமாம். அவரோட தாத்தாவும் சர்ச் சர்ச்சா அலைஞ்சு அந்தச் சீட்டெல்லாம் வாங்கினவர். அந்த வார்த்தையை இவர் வீட்டுல யாரும் வாயாலகூட சொல்ல மாட்டாங்களாம். "சார், இது மளிகைக்கடைக்காரங்க சங்கம்"னு புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு.

மத்தியானம் அம்மா அவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டாங்க. வழக்கமான கேள்வியைக் கேட்க முடியாம, "இவங்களுக்கு எந்த ஊர்னு கேளுடா"ன்னாங்க பேரன்கிட்ட. அவர் சொன்னார்: அப்பா அம்மாவுக்கு சைலீசியாவில் பிரெஸ்லாவ் பக்கம் ஒரு கிராமம். போர் முடிஞ்சதும் 1946ல அடிச்சு விரட்டிட்டாங்க, ஒரு கைவண்டியில ஏத்தின சாமானோட மேற்கே வந்தாங்க. இப்ப அது போலந்து. இப்படிக் கிழக்கேயிருந்து வந்தவங்களே சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

அம்மா ரொம்ப நேரம் தலையாட்டினாங்க. "எங்களையும் ஒரு ராஜா துரத்தினான்னு சொல்லுடா. நானும் எங்க ஊரைப் பார்த்ததில்லை"ன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் காபி குடிச்சாங்க.

அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பத்துல எல்லாரும் அந்த என்சைமுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். தங்கச்சிக்கு அம்மா மாதிரியே. எனக்குப் பாதி. ஆளுக்கொரு சீட்டு எழுதி லேமினேட் பண்ணி பர்ஸ்ல வச்சிருக்கோம், 'ஸ்கோலின் போடக்கூடாது'ன்னு.

இப்ப என் பொண்ணுக்கு வரன் பார்க்கறாங்க. பொண்ணு "நானே பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டா, வீட்டம்மா கேட்டாத்தானே. போன மாசம் தரகர் வந்தார். நட்சத்திரம் கேட்டார், கோத்திரம் கேட்டார், எழுதிக்கிட்டார். "மாப்பிள்ளை விஷயத்துல வேற எதிர்பார்ப்பு ஏதாச்சும்?" என்றார்.

"நம்மவங்கதான்னா ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வரணும். வெளியேன்னா தேவையில்லை" என்றேன்.

பேனாவை மூடி சட்டைப்பையில சொருகிட்டார். வீட்டம்மா ரெண்டு நாளா எங்கிட்ட பேசலை.