மட்டாஞ்சேரியில் உயிர்பெற்ற வண்டி

கொச்சிக்கு வரும் அன்பர்கள் மட்டாஞ்சேரியைக் காணாமல் திரும்புவதில்லை. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டி அரசருக்கு அளித்து, பின்னர் 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனையையும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தையும் அரை நாளில் பார்த்துவிடலாம். மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டில் ஒரு நடை நடந்தால் யாத்திரை முடிந்தது. ஆனால் இவ்வூரின் மற்றொரு குணத்தை அறியச் சில ஆண்டுகள் குடியிருக்க வேண்டும். காயலின் ஈரமும் கடலின் உப்பும் கலந்த இந்தக் காற்று இரும்பைத் தின்னும். ஜன்னல் கம்பியும் கதவுப் பூட்டும் அதற்குத் தப்புவதில்லை. நம் வீட்டு மோட்டார் சைக்கிளும் தப்பவில்லை.

நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயில்வே உத்தியோகம் பெற்று இங்கு வந்தவர். வில்லிங்டன் தீவில் 1943-இல் திறக்கப்பட்ட கொச்சித் துறைமுக ரயில் நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். அவர் பழைய விலைக்கு வாங்கியது ஒரு புல்லட் வண்டி. ராயல் என்ஃபீல்டு முதலில் இங்கிலாந்துக் கம்பெனியாக இருந்தது எனினும், 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தார் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்யலாயினர். ஆகவே அதுவும் நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்ததே. தந்தையார் இரவுப் பணி முடிந்து திரும்புகையில் தெருமுனையில் அதன் ஒலி கேட்டதும், தாயார் எழுந்து அடுப்பில் பால் வைப்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவர் மருத்துவமனைக்குப் போகுமுன் தாழ்வாரத்தில் நிறுத்திய வண்டி நின்றபடியே நின்றது. சென்ற மழைக்காலத்துக்கு முன் தாழ்வாரத்தைப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. ஆக்ரிக்காரர் வந்து எடைக்கு விலை சொன்னார். தாயார், "ஓடுமா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் கொடு" என்று மட்டும் சொன்னார்.

நாம் கிக்கர் மீது ஏறி நின்றோம். அது இம்மியும் அசையவில்லை. கியரில் போட்டுச் சரக்கு ஆட்டோவின் பின்னால் கயிறு கட்டி இழுத்தால் இளகும் என்று எண்ணிக் கயிறும் கட்டிவிட்டோம். அவ்வழியே வந்த முதிய மெக்கானிக் ஒருவர், மூன்று தலைமுறையாக இவ்வூரில் வாழும் தமிழர், அதைக் கண்டு நின்றார்.

"கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், தம்பி. ஓடும்போது நின்றதா, நின்றபின் இறுகியதா? அதை முதலில் சொல்லுங்கள்" என்றார்.

இக்கேள்வியின் பொருளை அவரே விளக்கினார். எண்ணெய் வற்றி ஓடும்போது இறுகினால், சூட்டில் அலுமினியப் பிஸ்டன் பருத்துச் சிலிண்டரைக் கவ்வியிருக்கும். நின்று இறுகினால், திறந்திருந்த வால்வு வழியே ஈரக்காற்று புகுந்து, வார்ப்பிரும்புச் சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் துருவால் ஒட்டியிருக்கும். நோய் இரண்டு, மருந்தும் இரண்டு.

கியரை விடுவித்துப் பின்சக்கரத்தைச் சுற்றினார், சுழன்றது. கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். ஒட்டியிருந்த தகடுகள் விடுபட்டுச் சக்கரம் மீண்டும் சுழன்றது. கிளட்சை விட்டதும் நின்றது. "கியர்ப் பெட்டி குற்றமற்றது, இஞ்சின்தான்" என்றார். பிளக்கைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே நீர் தேங்கவில்லை. சுவரில் செந்துரு படர்ந்திருந்தது. அடியிலிருந்த எண்ணெயை வடித்தபோது முதலில் சில துளி நீரும், பின் கரிய எண்ணெயும் வந்தன. உலோகத் துகள் இல்லை. துருதான் என்று தீர்ந்தது.

டீசலும் கியர் எண்ணெயும் கலந்து பிளக் துவாரத்தில் ஊற்றி, "இனி ஒரு வாரம் தொடாதீர்கள்; மட்டம் இறங்கினால் மட்டும் ஊற்றுங்கள்" என்றார். மாலைதோறும் பணியிலிருந்து திரும்பிக் குச்சி விட்டுப் பார்ப்போம். மூன்று நாள் இறங்கவேயில்லை. நான்காம் நாள் சிறிது இறங்கியது. வளையங்களின் இடுக்கில் எண்ணெய் வழி கண்டுவிட்டது என்று அறிந்து, அன்றிரவு நாம் நிம்மதியாக உறங்கினோம்.

ஒன்பதாம் நாள் மேல் கியரில் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கச் சொன்னார். மேல் கியரில் கையின் பலம் இஞ்சினுக்கு நன்கு சேருமாம். முதலில் ஒரு விரற்கடை, பின் இரண்டு விரற்கடை. திடீரென்று ஒரு பெருமூச்சு போன்ற ஒலியுடன் பிஸ்டன் இறங்கியது. உடனே கிக்கரை மிதிக்கப் பாய்ந்தோம். அவர் தடுத்தார். "துருவோடு ஓட்டினால் மிச்சமும் போய்விடும்" என்றார்.

சிலிண்டரைக் கழற்றியபோது, வளையங்கள் ஒட்டியிருந்த இடத்தில் ஆழ்ந்த தழும்பு தெரிந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அச்சிலிண்டரை லேத்துப் பட்டறையில் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் வளையமும் பொருத்தினார்கள். கனெக்டிங் ராடில் ஆட்டம் இல்லை. எண்ணெய் வழிகளைத் தூய்மை செய்து, பிளக் இல்லாமலே பலமுறை மிதித்து, மேலே ராக்கர் வரை எண்ணெய் ஏறியதைக் கண்ட பின்னரே பிளக்கைப் பூட்டினார். நமது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி செலவாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு ஞாயிறு மாலை ஐந்தாம் மிதியில் வண்டி எழுந்தது. "முதல் 500 கிலோமீட்டர் விரட்டாதீர்கள்" என்று சொல்லி மெக்கானிக் போய்விட்டார். நாம் தோப்பும்படிப் பாலம் கடந்து, தந்தையார் பணியாற்றிய தீவுவரை மெல்லச் சென்று திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்தபோது தாயார் ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது.

அன்பர்களே, பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்த நம்மில் பலர் ஊர் வீட்டில் இப்படி ஒரு வண்டியை நிறுத்திவிட்டு வந்திருப்போம். பூட்டிவிட்டு வருமுன் பிளக் துவாரத்தில் சிறிது எண்ணெய் விட்டு, இரு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், மாதம் ஒருமுறை நான்கு மிதி மிதிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இறுகியிருந்தால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எடைக்குப் போடுமுன் ஒன்பது நாள் பொறுத்துப் பாருங்கள்.