"காணும்" என்ற சொல்



நாங்கள் எழுதிப் பழகியவர்கள் அல்ல. ஓ.எல். வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ஸ்காபுறோவில் இருந்துகொண்டு, கணவன் காலை ஷிப்ட், மனைவி பின்னேர ஷிப்ட் என்று இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்கிறோம். புதிதாக வந்திறங்கிய குடும்பங்களுக்கு ஒரு சின்ன விசயத்தைச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறோம். விசயம் சாப்பாடு. என்ன சாப்பிடுவது என்பதல்ல, எப்படிச் சாப்பிடுவது என்பது.

வேலைத்தலத்தில் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். மணி அடித்ததும் கையுறையைக் கழற்றி, கை கழுவி, சாப்பாட்டு அறைக்குப் போக ஐந்து நிமிடம். அங்கே இருப்பது இரண்டு மைக்கிரோவேவ். அதற்கு முன்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அதில் பத்து நிமிடம் போய்விடும். திரும்பி வந்து மெஷினுக்கு முன்னால் நிற்க இன்னும் ஐந்து நிமிடம். மிச்சம் பத்து நிமிடம்தான். அதற்குள் பெட்டிச் சோறு முழுவதையும் உள்ளே தள்ளிவிடுவோம். வயிறு கல்லுப் போலக் கனக்கும். ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. இன்றைக்கு என்ன கறி என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்ததும் குசினியில் நின்றபடியே இன்னொரு கோப்பை சோறு.

எல்லாவற்றுக்கும் நேரமில்லாததுதான் காரணம் என்று நினைத்திருந்தோம். அது முழு உண்மை அல்ல என்று காட்டித்தந்தவள் எங்கள் ஏழு வயது மகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலையும் இல்லை, அவசரமும் இல்லை. இடியப்பமும் சொதியும் வைத்து மூன்று பேரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். மகள் முதலாவது இடியப்பத்தைப் பிய்க்க முந்தி எங்கள் கோப்பைகள் வெறுமையாகிவிட்டன. அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மாவும் அப்பாவும் ஏன் இடக்கையாலை கோப்பையை மறைச்சுக்கொண்டு சாப்பிடுறியள்? ஆரும் எடுத்துப்போடுவினமோ?"

அப்போதுதான் குனிந்து பார்த்தோம். இரண்டு பேருடைய இடக்கையும் கோப்பையைச் சுற்றி வளைத்தபடி இருந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பதில் சொல்லவில்லை.

பதில் எங்களுக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கிய சனங்களில் நாங்களும் இருந்தோம். அப்போது எங்களுக்கு இருபது வயது மட்டில். ஒருவரையொருவர் தெரியாது. கஞ்சிக்கு வரிசையில் நிற்போம். அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும். வரிசைக்குப் பக்கத்திலும் ஷெல் விழும். வாங்கிய கஞ்சியை நாக்குச் சுடச்சுட விழுங்கிவிட்டுப் பங்கருக்குள் ஓடவேண்டும். அதன்பிறகு செட்டிகுளம் முகாம். அங்கேயும் வரிசை. பிந்திப் போனால் சட்டியின் அடிதான். அங்கே படித்ததுதான் இந்த வேகமும், கையால் மறைக்கிற பழக்கமும். அன்றைக்கு அது உயிரைக் காத்தது. இத்தனை வருடம் போன பின்னும் கை அதை மறக்கவில்லை.

அந்த நாட்களில்தான் எங்களில் ஒருவருக்கு இரத்தத்தில் சீனி எல்லைக்கு வந்துவிட்டது என்று குடும்ப வைத்தியர் சொன்னார். எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு நீரிழிவு வருவது கூட என்றும், இளம் வயதிலேயே வந்துவிடும் என்றும் எச்சரித்தார். பிறகு, "ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம்?" என்று கேட்டார். சொன்னோம். அவர் விளக்கினார். சாப்பாடு போய் இரைப்பை விரியும்போது நரம்புகள் மூளைக்குச் சொல்லுமாம். குடலில் சுரக்கும் சில ஹோர்மோன்களும் சொல்லுமாம். ஆனால் அந்தச் செய்தி முழுதாகப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும். பத்து நிமிடத்தில் விழுங்கினால், போதும் என்று மூளைக்குத் தெரியுமுன்னமே இரண்டு பேருடைய சாப்பாடு உள்ளே போய்விடும்.

ஊரில் ஆச்சி இதை 20 நிமிடக் கணக்குத் தெரியாமலே சொன்னவ. "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பா. ஆச்சி ஒடியற்கூழ் காய்ச்சினால் முற்றத்தில் வட்டமாக இருப்போம். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தருவா. கூழோ கொதிக்கும். இலையோ சின்னன். அவசரப்பட முடியாது. ஊதி ஊதிக் குடித்து, நண்டுக்காலை உறிஞ்சி, பலாக்கொட்டையைச் சப்பி, கதை பேசி, ஒரு மணித்தியாலம் போகும். ஆச்சி அகப்பையோடு திரும்ப வரும்போது கையால் இலையை மூடி, "காணும் ஆச்சி" என்போம்.

யோசித்துப் பார்த்தோம். "காணும்" என்ற அந்தச் சொல்லை நாங்கள் கடைசியாக எப்போது சொன்னோம்? முள்ளிவாய்க்காலில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் "காணுமோ" என்று கேட்க ஒருவரும் இல்லை.

அடுத்த ஞாயிறு தமிழ்க் கடையில் ஒடியல்மா வாங்கிக் கூழ் காய்ச்சினோம். பிலாவிலை இல்லை, சின்னக் கிண்ணம்தான். ரி.வி.யையும் போனையும் நிற்பாட்டினோம். ஆச்சியின் கதையை மகளுக்குச் சொல்லிச் சொல்லிக் குடித்தோம். முடிய முக்கால் மணித்தியாலம். பானையில் கூழ் மிஞ்சிக் கிடந்தது. எங்களுக்கு அது புதினம்.

அன்றிலிருந்து சில பழக்கங்களைப் பிடித்திருக்கிறோம். வாயில் இருப்பது இறங்கும்வரை அடுத்த பிடியைக் குழைப்பதில்லை. முதலில் கொஞ்சமாகப் போடுவது, பொறுத்திருந்து பசித்தால் மட்டும் திரும்பப் போடுவது. வேலைக்குச் சோற்றைச் சூட்டோடு வாயகன்ற பிளாஸ்கில் கொண்டுபோகிறோம். மைக்கிரோவேவ் வரிசையில் போன பத்து நிமிடம் இப்போது சாப்பாட்டுக்குக் கிடைக்கிறது. இன்னொன்றும் தெரிந்திருங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணித்தியாலச் சாப்பாட்டு இடைவேளை தரவேண்டும். பெரும்பாலும் அதற்குச் சம்பளம் இல்லை. ஆனபடியால் அது உங்கள் சொந்த நேரம். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கடித்து முடிக்காதீர்கள்.

இதனால் சீனி மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அதற்கு வைத்தியரிடம்தான் போகவேண்டும். இன்னும் சில நாள் பழைய வேகம் வந்துவிடுகிறது, இடக்கையும் வளைகிறது. அப்போது மகள் மெல்ல அந்தக் கையில் தட்டுவாள். நாங்கள் கையை எடுத்து மடியில் வைப்போம்.

போன கிழமை அவளுக்குப் புட்டுப் போடப் போனபோது, கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"காணும் அம்மா."

அவளும் கையால்தான் மறைத்தாள். ஆனால் யாரும் பறித்துவிடுவார்கள் என்று பயந்து அல்ல.